பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்

கதிரவன் மறைந்தபின் அவர் ஒரு பருக்கையேனும் உண்டு நான் கண்டதில்லை. அதைப் பற்றி அவர் தாமாகப் பேசியும் கேட்டதில்லை. நோன்பு நோற்போர் பலரை நான் அறிவேன். தாம் நோற்பதைப் பிறர் செவியில் போட்டுவைக்காதவர் அவர்களுள் மிகச் சிலரே. இவரோ நீட்டிய தட்டை இரு கைகளாலும் மெல்லத் தடுத்து, “பொழுது போய்டுச்சுங்கம்மா” என்பார். அவ்வளவுதான்.

காஞ்சியில் பூக்கடைச் சத்திரத்தை அடுத்த தெரு ஒன்றில் அவருடைய தந்தையார் அரிசி மண்டி வைத்திருந்தார். சுற்றுப்புறச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து நகரில் வணிகம் தொடங்கிய சமண உழவர் குடும்பம் அது; இரவில் உண்ணாமை அவர்கள் மரபு. தந்தையார் நோயிற் படுத்தபின் மண்டி முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. முப்பதைக் கடந்த அகவை. எந்நாளும் பருத்திச் சேலை. பட்டு நெய்யும் ஊரில் பட்டுடுத்தாத பெண். குரலோ மிகத் தாழ்ந்தது. விலை கேட்பவர் கல்லாப்பெட்டியின் மேல் குனிந்து செவி கொடுத்தாக வேண்டும்.

அரிசி வணிகர்க்கு வண்டு பெரும்பகை. ஏனையோர் மூட்டைக்குள் மருந்து வைத்து மாய்த்துவிடுவர். இவர் மூட்டையை அவிழ்த்து, பின்கட்டில் பாய் விரித்து, அரிசியை மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் விட்டுவிடுவார். சூடு தாளாத வண்டுகள் தாமே ஊர்ந்து பாயின் விளிம்பைக் கடந்து நிழல் தேடிப் போகும். கடைசி வண்டு போகும்வரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். விற்பனையும் காத்திருக்கும்.

“காசு குடுக்கற எங்களவிட வண்டுக்குத்தான் இந்தக் கடையில மரியாத” என்று ஒருவர் நொந்துகொண்டார்.

“அதுங்களுக்குச் சொன்னா புரியாதுங்க. உங்களுக்குச் சொன்னா புரியும். செத்த குந்துங்க” என்றார் அவர். வந்தவர் குந்தினார்.

இத்தகையவர் பேரோசைக்குப் பெயர்போன இசைக்குழு ஒன்றின் குரலாக விளங்கினார் என்றால், அவரை மண்டியில் மட்டும் கண்டவர் நம்ப மாட்டார். நானும் நேரிற் கண்டிராவிடின் நம்பியிருக்க மாட்டேன்.

அந்நாளில் என் மகனும் அவன் தோழன் ஒருவனும் எங்கள் மாடி அறையில் இசை பயின்றுவந்தனர். மகன் கையில் மின்கிதார். தோழன் டிரம்ஸ் வாசிப்பவன். தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பெரிய உடம்பு, பெரிய பசி, பெரிய சிரிப்பு. அவர்கள் வாசித்தது ஹெவி மெட்டல் என்னும் இசை. அதைத் தமிழில் எவ்வாறு சொல்லலாம் என்று மகன் ஒருமுறை கேட்டான். ‘கன உலோக இசை’ என்று சொல்லி, புணர்ச்சி விதி வழுவாமல் ‘கனவுலோக இசை’ என்று எழுதியும் காட்டினேன். “கனவு லோகமா? நாங்க வாசிக்கிறது அதுக்கு நேர் ஆப்போசிட்பா” என்று சிரித்துவிட்டு அந்தத் தாளை அறைக் கதவில் ஒட்டிவைத்தான். எதிர்வீட்டுக்காரர் மட்டும், “சார், மாடியில யாருக்குனா பேய் ஓட்றீங்களா?” என்று அவ்வப்போது கேட்டுச் செல்வார்.

பாடுபவன் அப்போது என் மகனே. ஒரு பிற்பகல், எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்குவிக்க வந்த அவர், மாடிப்படியின் அடியில் நின்று பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு மேலே ஏறிப் போனார்.

“இப்ப கத்தினது யாருப்பா?”

“நான்தாங்கா. டிஸ்டர்பன்ஸா இருக்குதா?”

“அதெல்லாம் இல்ல. பயந்து பயந்து கத்தற. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

தோழன் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். “மச்சி, அரிசிக்கட அக்காவே கண்டுபுடிச்சிட்டாங்கடா!”

“அப்ப நீங்க கத்திக் காட்டுங்களேங்கா” என்றான் மகன், சற்றே சினத்துடன்.

நான் கீழறையில் திருமுக்கூடல் கல்வெட்டு ஒன்றின் மைப்படியை விரித்துவைத்து, சிதைந்த வரியொன்றை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். மேலிருந்து எழுந்த ஓசையை முதலில் மனிதக் குரல் என்று நான் கொள்ளவில்லை. ஓடிவரும் தேரின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுக்கும்போது மரமும் மண்ணும் நெரிந்து எழுப்பும் ஓசையை இவ்வூரார் அனைவரும் அறிவர். அத்தகைய ஓசை அது. ஆனால் தேர் நின்றதும் அடங்கிவிடும் அவ்வோசை போலன்றி, இது மேலும் மேலும் விரிந்தது. படியேறிப் போய்ப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, கண் மூடி நின்றிருந்தார். முகத்தில் சினமில்லை. கழுத்தில் ஒரு நரம்பும் புடைக்கவில்லை. ஒலி உந்தியிலிருந்து எழுவதென்று எழுத்திலக்கணத்தார் கூறுவர். நெடுங்காலம் வகுப்பறையில் நான் அதைச் சொல்லிவந்தவன். அன்றுதான் அதைக் கேட்டேன்.

நிறுத்தினார். எனக்குப் பின்னே ஏறி வந்த என் மனைவியை நோக்கி, “மூட்டய எங்கம்மா வெக்கச் சொல்லட்டும்?” என்று பழைய தாழ்ந்த குரலில் கேட்டார்.

குழுவுக்கு அவர் குரலானது இப்படித்தான். பேஸ் கிதாரையும் சில திங்களில் பழகிக்கொண்டார். பாட்டும் அவரே எழுதினார். அவற்றுள் புகழ்பெற்றது வண்டுப் பாட்டு. ‘வெளியே போ, வெயில் ஏறுமுன். நிழல் அங்கே. வழி இங்கே’ என்று, கேட்போர் நெஞ்செலும்பு அதிர அவர் முழங்குவார். பின்னாளில் அயல்நாட்டார் அதனைப் போர்ப்பாட்டு என்றே எண்ணிக் கைமுட்டி உயர்த்தி ஆர்ப்பரித்தனராம். ஒரு வண்டைக் கொல்லாமல் வெளியே அனுப்பும் வேண்டுகோள் அது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதல் வாரப் பயிற்சி முடிந்ததும் என் மனைவி மூவர்க்கும் தோசை வார்த்தார். வெளியே விளக்கேற்றியிருந்தது. வழக்கம்போல் அவர் தட்டைத் தடுத்தார்.

“ஒரே ஒரு தோசதான? பொழுதப் பாத்தா பசிக்குது?” என்றார் என் மனைவி.

“நாளைக்கு வந்து ரெண்டா சாப்பிட்றேங்கம்மா.”

எதிரே ஒருவர் வெறுங்கையுடன் அமர்ந்திருக்கத் தாம் மட்டும் உண்பது எங்கள் தெருக்களில் வழக்கமில்லை. என் மகன் தோசையின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான். தோழன் தட்டைத் தள்ளிவைத்து, “எனக்கும் வேணாம்மா. பசிக்கல” என்றான்.

“ஒனக்கா? ஒனக்குப் பசிக்கலயா? ஒடம்பு கிடம்பு சரியில்லியாடா?”

அவர் எழுந்தார். “நீ சாப்பிடுப்பா. நான் கீழ நிக்கறேன்” என்று சொல்லி, அவர்கள் உண்டு முடிக்கும்வரை வாயிற்புறத்தில் நின்றார். அடுத்த பயிற்சி முதல் எங்கள் வீட்டில் இராவுணவு கதிர் சாயுமுன்னரே ஆயிற்று. என் மனைவி சன்னலைப் பார்த்துச் சமைக்கப் பழகினார். ஒருவரும் கேளாமல், ஒருவரும் பணியாமல், ஒரு வீட்டின் நாளொழுங்கு மாறிப்போன விந்தையை நான் அப்போது கண்டேன்.

முதல் அரங்கேற்றம் நகர்ப்புறக் கல்லூரி ஒன்றில். காலையிலிருந்து ஒலிபெருக்கிகளுடன் போராடியதில் எவரும் உண்ணவில்லை. உணவுப் பொட்டலங்கள் வந்தபோது மேற்கே செம்மை மட்டுமே எஞ்சியிருந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கவளத்தை உருட்டி எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். கதிரின் விளிம்பு பனைகளுக்குப் பின்னே இறங்கிவிட்டிருந்தது. கவளத்தை மீண்டும் இலையில் வைத்து, மடித்து, கை கழுவிவிட்டு மேடை ஏறினார். அன்று அவர் பாடியதைக் கேட்ட மாணவர்களில் பலர் முன்வரிசையிலிருந்து தாமாகவே பின்னே நகர்ந்தனர். அச்சத்தால் அன்று, பெரியதொன்று வரும்போது இடம்விட்டு ஒதுங்கும் இயல்பால்.

அவர்களுடைய பதிவு எவ்வாறோ நார்வே நாட்டின் வடபுலம் வரை சென்றது. அங்கிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தார் மூவரையும் அழைத்தனர்: அங்கேயே தங்கி ஓர் இசைத்தொகுப்பு உருவாக்கலாம்; அரங்குகளும் ஏற்பாடு செய்யப்படும். மண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் புறப்பட்டார். அந்நாட்டின் கதிரவனைப் பற்றி எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தது கோடையில். அங்கே அப்போது பொழுது சாய்வதே இல்லை. தோழனுக்குக் கொண்டாட்டம். “அக்கா, இங்க சூரியன் எறங்கவே எறங்காதாம். ஒனக்கு ராத்திரி பூரா பந்திதான்!” என்றானாம். அவர் ஊரில் உண்டது போலவே உண்டார். அதற்கு மேல் ஒரு கவளமும் இல்லை. “அது எறங்கலன்னா நாம எறங்கிக்க வேண்டியதுதான்” என்றாராம்.

பின்னர்ப் பகல் குறுகியது. குளிர்காலம் வந்ததும், அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு ஊரிலிருந்து கதிரவன் முற்றிலும் மறைந்தான். நண்பகலில் ஒரு நீல மங்கல், பின் இருள். ஊரின் தெற்கே இருந்த குன்றின் உச்சியிலிருந்து நோக்கினால் மட்டும் அடிவானில் கதிர் விளிம்பு சிறிது நேரம் தென்படும் என்று அங்குள்ளோர் சொல்லக் கேட்டார். அன்றுமுதல் நாள்தோறும் பனியில் முழங்கால் புதைய அக்குன்றில் ஏறி, ஒளி தோன்றியதும் சோற்றுப் பெட்டியைத் திறந்து, ஒளி அணையுமுன் மூடினார். மகன் அனுப்பிய படம் என்னிடம் உள்ளது. தடித்த மேலங்கியின் கீழ்ப் பருத்திச் சேலையின் கரை தெரிய, ஒற்றை ஆளாய், விடியலுக்கும் மறைவுக்கும் வேறுபாடில்லாத அந்த ஒளியை நோக்கி நின்று உண்கிறார். அதனைப் பார்க்கும்போதெல்லாம் என் கைகள் தாமே குவிகின்றன.

“இங்க தயிர்சாதத்த கடிச்சித்தான் சாப்பிடணும்ப்பா” என்றான் தோழன் தொலைபேசியில்.

என் மனைவிக்குத் தாங்கவில்லை. “நம்ம ஊரு சூரியன வெச்சிக்கோயேம்மா. இங்கதான் ஜோரா வெயில் அடிக்கிதே” என்றார்.

“அது உங்க பொழுதுங்கம்மா. நான் நிக்கற எடத்துல இருக்கறதுதான் என் பொழுது” என்று விடை வந்தது.

அந்நிலையில்தான் பெரிய வாய்ப்பு வந்தது. அந்நாட்டின் பேர்பெற்ற குழு ஒன்றுக்கு முன்னதாகப் பாடும் பயணம். வடக்கே, இன்னும் வடக்கே, எக்குன்றில் ஏறினும் கதிர் தென்படாத ஊர்களில். அதை மறுத்தால் அவர்களை அழைத்த ஒலிப்பதிவு நிறுவனம் கைவிடும், ஊர் திரும்பவேண்டியதுதான். மகன் என்னை அழைத்தான்.

“அப்பா, நீங்க படிச்சவரு. விலக்கு ஏதாவது இருக்கும் இல்ல? நீங்க சொன்னா அக்கா கேப்பாங்க. இது போச்சுன்னா பேண்டே இல்லப்பா.”

நான் நூல்களைப் புரட்டினேன். நோயுற்றோர்க்கும் நெடுவழி செல்வோர்க்கும் நோன்பில் தளர்வு கொள்ளலாம் என்பதற்கு இடம் கண்டேன். அதனை அவரிடம் விரிவாகச் சொன்னேன். இறுதிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“தேடி எடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்கய்யா. அது தேவப்பட்றவங்க இருப்பாங்க. எனக்கு இப்ப ஒடம்பு நல்லா இருக்குதுங்க.”

“அப்படியானால் பாடப் போவதில்லையாம்மா?”

“பாடாம? வெந்நி குடிச்சிக்கறேங்க. எங்க வீட்ல வெந்நியிலயே எத்தன நாளு இருந்திருக்கறோம்.”

நீரை மட்டும் தமக்கு அனுமதித்துக்கொண்டு அவர் பயணம் புறப்பட்டார். அரங்குக்கு அரங்கு அவருடைய குரல் பெருகியது என்று மகன் சொன்னான். உடல் மெலிய மெலிய ஒலி மட்டும் தடித்தது. முதன்மைக் குழுவினர் தம் அறையை விட்டு வந்து மேடையோரம் நின்று கேட்டனராம்.

ஆயினும் அவர் அறியாத ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. ஒரே வண்டியில், ஒரே அறையில், வெந்நீர்க் குவளையுடன் அவர் எதிரே அமர்ந்திருக்க, உடன் சென்ற இருவர்க்கும் சோறு இறங்கவில்லை. இதனை அவர்கள் அவரிடம் மட்டுமன்றித் தமக்குள்ளும் மறைத்தனர். “நான் கடையிலயே துன்னுட்டேன் மச்சி” என்பான் தோழன். “நான் வண்டியிலயே முடிச்சிட்டேன்டா” என்பான் மகன். இரண்டும் பொய். என் மகன் ஒளிந்து நின்று இரண்டொரு ரொட்டித் துண்டாவது தின்றான். தோழன் அதையும் செய்யவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அன்றி வேறெவரும் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார்கள்.

வண்டுப் பாட்டின் நடுவில், இருபுறமும் தீப்பொறி பறக்க, தோழன் தன் டிரம்ஸ் மீதே குப்புற விழுந்தான். அதுவும் நிகழ்ச்சியின் ஒரு கூறு என்று எண்ணி அரங்கம் முழுவதும் ஆர்ப்பரித்தது.

மருத்துவமனையில் கண் விழித்த அவனுக்கு உணவு கொண்டுவந்தனர். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செய்தி அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“கடையில சாப்பிட்டேன்னு சொன்னியேடா?”

“பொய்க்கா. நீ வெந்நி குடிச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கற. எனக்கு எப்பிடிக்கா எறங்கும்?”

“சரி, இப்ப சாப்பிடு.”

“நீ சாப்பிடு. அப்பறம் நான் சாப்பிட்றேன்.”

நண்பகல். சன்னலுக்கு வெளியே மையிருள். அவர் சன்னலை ஒருமுறையேனும் ஏறிட்டுப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன் என்று மகன் சொன்னான். அவர் பார்க்கவில்லை. தட்டிலிருந்த ரொட்டியைப் பிட்டு, தம் வாயில் இட்டு, நன்றாக மென்று விழுங்கினார். இரண்டாம் துண்டை அவன் வாயருகே கொண்டுபோனார். “ம். இப்ப சாப்பிடு.”

அவன் தேம்பிக்கொண்டே உண்டான். தட்டு ஒழியும்வரை அவரும் உடன் உண்டார்.

“எவ்வளவோ மேடை பாத்துட்டேன்ப்பா. அதவிடப் பெருசா நான் ஒண்ணும் பாக்கல” என்றான் மகன். பல்லாயிரம் பேர் நடுங்கக் கேட்ட குரலினும், பனிக்குன்றின் உச்சியில் நின்ற தவத்தினும், தயக்கமின்றி நீண்ட அந்தக் கை பெரிது என்றே எனக்கும் தோன்றுகிறது.

தோழன் சில நாளில் தேறினான். நிறுவனத்தாரும் சினக்கவில்லை, விழுந்த செய்தி பரவி, முன்னினும் பெரிய அரங்குகள் அழைத்தன. கதிரவனும் திரும்பும் காலம் அது. இனி இடரில்லை என்று இளைஞர்கள் மகிழ்ந்திருந்தனர். அப்போதுதான் அவர் தாம் இனிப் பாடப் போவதில்லை என்றார். முறிந்த நோன்புக்குக் கழுவாயாக ஒன்றை விடவேண்டும். பாட்டை விட்டுவிட்டதாகச் சொன்னார். கெஞ்சினர், அழுதனர், ஒருநாள் முழுவதும் பேசாமலும் இருந்து பார்த்தனர். பயனில்லை. ஈராண்டு நிறையாத குழு அவ்வாறு முடிந்தது. அவரும் தோழனும் ஊர் திரும்பினர். என் மகன் அங்கேயே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்கு அமர்ந்தான்.

சில திங்கள் கழித்து அவரை மண்டியில் கண்டேன். பின்னர் அவர் தம் குடும்பத்துடன் வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது எங்கிருக்கிறார் என்பதை அறியேன். நான் கண்ட அன்று கடையில் வேறு எவரும் இல்லை. நெடுநாள் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

“பாதித் தட்டு ரொட்டி. அதுவும் பிறிதோர் உயிர் வாடாமல் இருக்க உண்டது. அந்தப் பையன் தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று நாள்தோறும் புலம்புகிறான்.”

“அவனாலதான் அன்னிக்கு நான் ஒழுங்கா நடந்துக்கினேன்னு சொல்லுங்கய்யா. தப்பு பண்ணிட்டேன்னு நான் நெனைக்கல. நாளைக்கே திரும்பி அப்பிடி நடந்தாலும் சாப்பிடுவேன்.”

“பிறகு எதற்கம்மா கழுவாய்?”

“சாப்பிட்டது நெஜந்தானுங்களே.”

எனக்கு விட மனமில்லை. “அதற்காகப் பாட்டையா விடுவது? ஒரு வேளைச் சோற்றைக் கூடுதலாக விட்டிருக்கலாகாதா?”

அவர் உள்ளங்கையில் இருந்த அரிசியை ஊதி, உமியை நீக்கி, மீண்டும் மூட்டையில் இட்டார்.

“சோறு எனக்கு என்னிக்குங்கய்யா பெருசா இருந்துது? பெருசா இல்லாதத விட்டா அது விட்டதா ஆவுமா? விடறதுக்கு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துது.”